“நாங்க பட்டதை அவங்களும் படட்டும்” என்கிறது எங்கள் பட்ச்

அன்புள்ள ஆலோசகருக்கு,

நான் திருகோணமலைப் பெடியன். வேறு மாவட்டத்தில் கம்பஸ் இரண்டாம் வருடம். லீவுக்கு வீட்டில் நிற்கிறேன். எங்கள் ஒழுங்கைத் தம்பி ஒருவனுக்கும் அதே கம்பஸ் கிடைத்திருக்கிறது. அவனுடைய அம்மா கோணேசர் கோயில் பிரசாதத்தோடு வந்து, “நீ அங்க இருக்கிறாய் எண்டபடியால்தான் எனக்குப் பயமில்லை, தம்பியைப் பாத்துக்கொள் ராசா” என்று சொல்லிவிட்டுப் போனா.

ஆனால் எங்கள் பட்ச் வாட்ஸ்அப் குரூப்பில், புதிதாக வருகிறவர்களில் யார் யாரை எந்த ரூமுக்குக் கூப்பிடுவது என்று பட்டியல் போடுகிறார்கள்.

போன வருடம் சீனியர்மார் எங்களை இரவில், மாணவர்கள் வாடகைக்கு இருக்கும் ஒரு போர்டிங்குக்குக் கூப்பிடுவார்கள். வாசலிலேயே போன்களை வாங்கி ஒரு வாளிக்குள் போட்டுவிடுவார்கள். யன்னல்களுக்குப் பெட்ஷீட் கட்டியிருக்கும். கழுத்துப் பொத்தான் வரை பூட்டிய முழுக்கைச் சட்டையோடு, போதும் என்று அவர்கள் சொல்லும்வரை டிப்ஸும் (தண்டால்) தோப்புக்கரணமும். பெற்ற தாயைப் பற்றித் தூஷணம் சொல்ல வைப்பார்கள். இப்போதும் இரவில் போன் அதிர்ந்தால் எழும்பி உட்கார்ந்துவிடுகிறேன்.

பகிடிவதை இருந்தால்தான் ஒற்றுமை வரும் என்கிறார்கள். மறுத்தால் ‘அன்டி’, அதாவது பகிடிவதைக்கு எதிரானவன், என்று ஒதுக்குவார்கள். நோட்ஸ், குப்பி (சீனியர்மார் பாடம் சொல்லித்தரும் வகுப்பு) எதுவும் கிடைக்காது. முறைப்பாடு செய்தால் கூடப் படிக்கிறவர்களைக் காட்டிக்கொடுத்தவன் ஆவேன். நான் என்ன செய்ய?

– இரண்டாம் வருட மாணவன், திருகோணமலை

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் உங்கள் நித்திரை. போன் அதிர்ந்ததும் எழும்புவது கோழைத்தனம் அல்ல. இரவில் அழைப்பு வந்தால் ஆபத்து என்று உடம்பு படித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். இது மாதக்கணக்கில் நீடித்தால் சிகிச்சை தேவை, சிகிச்சையால் குணமும் ஆகும். லீவு முடிவதற்குள் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையில் மனநல வைத்தியர் ஒருவரைச் சந்தியுங்கள். மனம் தாங்காத இரவில் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள்.

அடுத்தது அந்த ‘ஒற்றுமை’. 1959இல் எலியட் அரொன்சன், ஜட்சன் மில்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள், ஒரு கலந்துரையாடல் குழுவில் சேர வந்த மாணவிகளில் சிலரைக் கூச்சப்படும்படியான சொற்களை உரக்க வாசிக்க வைத்துச் சேர்த்தார்கள். மற்றவர்களை அப்படி வருத்தவில்லை. பிறகு வேண்டுமென்றே சலிப்பான ஓர் உரையாடலை எல்லாருக்கும் கேட்கக் கொடுத்தார்கள். அதிகம் கூசியவர்கள்தான் அதை அதிகம் ரசித்ததாகச் சொன்னார்கள். பட்ட பாடு வீண் என்று ஒத்துக்கொள்ள மனம் விடாது. உங்கள் பட்ச் பேசுவதும் இதைத்தான். உங்களுக்குள் ஒற்றுமை வந்திருந்தால், அது ரூமுக்குத் திரும்பிய பிறகு ஒருவர் காலை ஒருவர் பிடித்துவிட்டிருப்பீர்களே, அதனால். வாளியில் போன்களை வாங்கியவனுக்கு அதில் ஒரு பங்கும் இல்லை.

‘டிப்ஸ்தானே’ என்பார்கள். அளவுமீறிய உடற்பயிற்சியில் தசைகள் சிதைந்து சிறுநீரகத்தை அடைத்துவிடலாம். 1997இல் பேராதனைப் பொறியியல் மாணவர் வரப்பிரகாஷ் பகிடிவதைக்குப் பின் சிறுநீரகம் செயலிழந்துதான் இறந்தார். தேயிலைச் சாயம்போல் சிறுநீர் போனால் ஒரு மணித்தியாலமும் தாமதிக்கக்கூடாது. அதை ஒவ்வொரு புது மாணவனும் தெரிந்திருக்க வேண்டும். மறுவருடமே பகிடிவதைத் தடைச் சட்டம், 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம், வந்தது. நிறுவனத்துக்கு உள்ளே நடந்தாலும் வெளியே போர்டிங்கில் நடந்தாலும் குற்றம். செய்தவருக்கு மட்டுமல்ல, பங்குபற்றியவருக்கும் 2 வருடம் வரை கடூழியச் சிறை. பாலியல் தொந்தரவோ கடும் காயமோ என்றால் 10 வருடம் வரை.

இனி உங்கள் பட்ச். எல்லாரும் சம்மதம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். குரூப்பில் எழுதுகிறவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். ஐந்தாறு பேர்தான் இருப்பார்கள். மற்றவர்களும் உங்களைப்போல வாய் திறக்காமல் வாசித்துக்கொண்டிருக்கலாம். 1950களில் சொலமன் ஆஷ் நடத்திய சோதனைகளில், சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் பிழையான விடை சொன்னபோது பலர் தெரிந்துகொண்டே கூடச் சேர்ந்து பிழை சொன்னார்கள். பக்கத்தில் ஒரேயொருவர் சரியாகச் சொன்னதும் அப்படி இணங்கிப்போவது ஏறக்குறைய நான்கில் ஒன்றாகக் குறைந்தது. உங்களுக்குத் தேவை அந்த ஒருவர். குரூப்பில் எழுதாதீர்கள். ஆறுதலாக நடக்கும்போது, “மச்சான், இந்த முறை இதில நிக்க எனக்கு மனமில்லை, உனக்கு எப்பிடி?” என்று ஒருவரிடம் கேளுங்கள்.

ஒழுங்கைத் தம்பிக்கும் இப்போதே எல்லாவற்றையும் சொல்லுங்கள், அவனுடைய அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. இரவில் கூப்பிட்டால் போகத் தேவையில்லை என்பதை ஒரு சீனியர் வாயால் கேட்பது பெரிய பலம். புதியவர்கள் பணிந்து போவதற்குப் பாதிக் காரணம், நோட்ஸும் குப்பியும் போர்டிங்கும் சீனியர் கையில் இருப்பதுதான். நீங்களும் அந்த இரண்டாவது ஆளும் முதல் கிழமையிலேயே நிபந்தனை எதுவும் இல்லாமல் ஒரு குப்பி தொடங்குங்கள். பயமுறுத்தத் தேவையில்லாத சீனியர்மாரும் இருக்கிறார்கள் என்று அவர்கள் கண்ணால் காணட்டும். உங்களை ஒதுக்குவார்கள், அது வலிக்கும். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் தனியாக ஒதுக்கப்படுவதும் இருவராக ஒதுக்கப்படுவதும் ஒன்றல்ல.

முறைப்பாட்டைக் காட்டிக்கொடுப்பு என்று எண்ணாதீர்கள். ஒரு பிள்ளைக்கு ஆபத்து வரப்போவது தெரிந்து தடுப்பதற்கு அந்தப் பெயர் கிடையாது. அந்தப் பட்டியலைத் திகதி தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். புதியவர்கள் வருமுன்னரே, நீங்கள் நம்பும் மாணவ ஆலோசகர் ஒருவரிடம் நேரில் காட்டுங்கள். அவர் அசையவில்லை என்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு நேரடியாக முறையிடலாம். யாராவது அடிபட்டோ மயங்கியோ கிடந்தால் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள், பொலிஸ் அவசர இலக்கமான 119க்கும் அழையுங்கள்.