‘எ கான்ஃபெடரசி ஆஃப் டன்ஸஸ்’ நாவலில் இக்னேஷியஸைச் சகிக்க முடியாமல் பாதியில் நிறுத்திவிட்டேன். மற்றவர்கள் எதற்கு விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்? இதை எப்படிப் படிப்பது?

இக்னேஷியஸ் ரைலி மேல் உங்களுக்கு வந்தது நியாயமான எரிச்சல். வயது முப்பது. பெரிய படிப்பு. அம்மா செலவில் சாப்பாடு. வாயைத் திறந்தால் ஊரையே திட்டுவான், ஏப்பம் விடுவான், யாருக்கும் நன்றி சொல்ல மாட்டான். இவனைப் பிடிக்காமல் போவதால் நாவலைத் தவறாகப் படித்ததாக ஆகாது. பாதியில் மூடிவைப்பவர்கள் பெரும்பாலும் வேறொன்றில் தடுக்கி விழுகிறார்கள். இவன் எப்போது திருந்துவான், எப்போது நம் மனம் இளகும் என்று காத்திருக்கிறார்கள். 14 அத்தியாயத்திலும் அது நடக்காது. அவன் திருந்துகிற கதையாக இது எழுதப்படவில்லை.

கண்ணை அவன் மேலிருந்து எடுத்து, அவன் இடித்துத் தள்ளுகிற ஆட்கள் மேல் வையுங்கள். ஆமை புகுந்த வீடு என்று சொல்வோமே, இவன் கால் வைத்த இடமெல்லாம் முதலில் அப்படித்தான் ஆகிறது. ஆனால் கடைசிப் பக்கங்களில் கணக்குப் பார்த்தால், இவனால் சீரழிந்தவர்களில் பலர் முன்பைவிட நல்ல நிலையில் இருக்கிறார்கள். அதிர்ஷ்ட தேவதை ஃபார்ச்சூனாவின் சக்கரம் தன்னைக் கீழே தள்ளுகிறது என்று அவன் புலம்பிக்கொண்டே இருக்கிறான். அந்தச் சக்கரத்தைச் சுற்றுகிறவனே அவன்தான் என்பது அவனுக்குத் தெரியாது. சிரிப்பு அங்கிருந்துதான் வருகிறது. (இனி கதை முடிவு வரை சொல்லப்போகிறேன். தெரியக்கூடாது என்றால் இங்கேயே நிறுத்திவிடுங்கள்.)

முதல் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1960களின் தொடக்கத்து நியூ ஆர்லியன்ஸ். கனால் தெருவில் டி. ஹெச். ஹோம்ஸ் கடையின் கடிகாரத்தடியில், பச்சை வேட்டைத் தொப்பியோடு இக்னேஷியஸ் அம்மாவுக்காக நிற்கிறான். மான்கூசோ என்ற போலீஸ்காரர் சந்தேகப்பட்டு விசாரிக்கிறார். இவன் கத்துகிறான், கூட்டம் கூடுகிறது, பரிந்து பேச வந்த ராபிஷோ என்ற கிழவர் கைதாகிறார். அம்மாவும் மகனும் ‘நைட் ஆஃப் ஜாய்’ என்கிற மதுக்கடைக்குள் ஒதுங்குகிறார்கள். அம்மா ஐரீன் அங்கே குடித்துவிட்டுக் காரை எடுத்து ஒரு கட்டடத்தில் மோதுகிறார். நஷ்டஈடு 1,020 டாலர். அதைக் கட்டத்தான் இக்னேஷியஸ் வேலைக்குப் போக வேண்டியிருக்கிறது. தவறான ஆளைப் பிடித்ததற்குத் தண்டனையாக மான்கூசோவுக்குத் தினமும் ஒரு மாறுவேடம், பிறகு பேருந்து நிலையக் கழிப்பறையில் காவல். கைதான கிழவர் பின்னால் ஐரீனைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்கிறார். ஒரு ஆள் போலீஸ்காரரிடம் ஒழுங்காகப் பதில் சொல்லாததிலிருந்து இத்தனையும் கிளம்புகிறது. எரிச்சலில் வேகமாகப் புரட்டினால் இந்த முடிச்சுகள்தான் கைநழுவும்.

இன்னும் அழகான முடிச்சு ஒன்று இருக்கிறது. கழிப்பறைக் காவலில் பொழுது போக, இக்னேஷியஸ் தன்னிடமிருந்த பொயீதியஸின் தத்துவ நூலை மான்கூசோவிடம் கொடுக்கிறான். ஆறாம் நூற்றாண்டில் சிறையில் மரணத்தை எதிர்பார்த்திருந்தவர் எழுதிய புத்தகம் அது. ஜார்ஜ் என்ற பையன் அதைத் தட்டிக்கொண்டு போகிறான். அவனை வைத்து மதுக்கடை முதலாளி லானா லீ திருட்டுத்தனமாக விற்கும் ஆபாசப் புகைப்படத்தில் அது ஒரு பொருளாகிவிடுகிறது. அந்தப் படம் சுற்றிச் சுற்றி இக்னேஷியஸ் கைக்கே வருகிறது. அவன் கண்ணில் படுவது பொயீதியஸ் படிக்கிற ஒரு பெண், தனக்கு ஏற்ற அறிவாளி! அவளைத் தேடித்தான் மறுபடி அந்த மதுக்கடைக்குப் போகிறான். அங்கே வேலை செய்யும் டார்லீன் என்ற பெண் வளர்க்கும் காக்கட்டூ கிளி, மேடையில் அவள் உடையிலுள்ள வளையங்களைப் பிடித்து இழுக்கப் பழக்கப்பட்ட பறவை. இக்னேஷியஸ் காதில், பிறகு கிடைத்த ஹாட் டாக் வண்டி தள்ளும் வேலைக்காக மாட்டிய கடற்கொள்ளையர் வேடத்து வளையம். பறவைக்கு எது வளையமோ அதுதான் வேலை. வளையம், பறவை, புத்தகம் மூன்றும் பல பக்கம் முன்பே தனித்தனியாக நம் கண்ணெதிரில் வைக்கப்பட்டவை. கதையே இல்லை என்று இந்த நாவலைச் சொல்கிறவர்கள் இந்த இடத்தைத் திரும்பப் படிக்க வேண்டும்.

அடுத்து அவன் எழுதும் டைரி. இங்கேயும் பலர் பக்கம் தள்ளிவிடுகிறார்கள், நீளமான வாய்ச்சவடால் என்று. ஒவ்வொரு பதிவையும் அதற்கு முன் நடந்த சம்பவத்தோடு ஒட்டவைத்துப் பாருங்கள். முதலில் வேலைக்குச் சேரும் லெவி பேன்ட்ஸ் என்ற கால்சட்டைத் தொழிற்சாலையின் அலுவலகத்தில் கோப்புகளை அடுக்கும் வேலையை அவன் எடுத்துக்கொள்கிறான். கோப்புகள் போவது குப்பைக்கூடைக்கு. மேலாளர் கொன்சாலஸோ வேலை எவ்வளவு சுறுசுறுப்பாக முடிகிறது என்று பூரிக்கிறார். டைரியில் இதெல்லாம் ஒரு சீர்திருத்தவாதியின் சாதனையாக மாறிவிடும். கீழே போடும் கையெழுத்தையும் கவனியுங்கள்: டேரில், கேரி, லான்ஸ் என்று உழைக்கும் பையனின் பெயர் மாறிக்கொண்டே போகும். நடந்ததற்கும் எழுதியதற்கும் நடுவில் இருக்கும் அந்த இடைவெளியை வாசகர் அளந்தால்தான் டைரி சிரிப்பு மூட்டும். தனியாகப் படித்தால் சலிப்புதான்.

இன்னொரு கருவி, அவனுடைய பைலோரிக் வால்வு. இரைப்பையும் சிறுகுடலும் சேரும் இடத்தில் இருக்கும் வளையத் தசை அது. ‘வால்வு மூடிக்கொண்டது’ என்று அவன் சொல்லும் ஒவ்வொரு முறையும், அதற்கு ஒரு வரி முன்னால் என்ன நடந்தது என்று பாருங்கள். யாரோ வேலை தேடச் சொல்லியிருப்பார்கள், அல்லது அம்மா தன் வாழ்க்கையைப் பற்றிப் பேசத் தொடங்கியிருப்பார். அவன் வாயில் வராத பயத்தை வயிறு சொல்லிவிடுகிறது. இது பிடிபட்டுவிட்டால் ஏப்பமும் வாயுவும் வெறும் அருவருப்பாகத் தெரியாது.

மொழியும் ஒரு தடைதான். நியூ ஆர்லியன்ஸ் உழைப்பாளிக் குடும்பங்களின் ஆங்கிலம் அமெரிக்கத் தெற்கின் இழுவைப் பேச்சு அல்ல, நியூயார்க், நியூ ஜெர்சி துறைமுகப் பேச்சுக்கு நெருக்கமானது. ஐரீனும் அவர் தோழி சான்டாவும் பேசும் பக்கங்களை வாய்விட்டுப் படியுங்கள். கண்ணால் படித்தால் எழுத்துப்பிழை போலத் தெரிவது, காதில் விழுந்தால் ஆளாகிவிடும். இக்னேஷியஸோ புத்தக ஆங்கிலத்தில், யாரும் பேசாத முழு வாக்கியங்களில் பேசுவான். ஒரே சமையலறைக்குள் இந்த இரண்டு மொழியும் மோதுவதே பாதி நகைச்சுவை.

ஐரீனைத் தனியாகச் சொல்ல வேண்டும். மஸ்கட்டல் ஒயின் பாட்டிலை அடுப்புக்குள் ஒளித்துவைத்துக் குடிக்கும் அம்மா, சான்டாவோடு பந்துருட்டும் (பௌலிங்) ஆட்டத்துக்குப் போகத் தொடங்கியதிலிருந்து மெதுவாக நிமிர்கிறார். மகனை மனநல மருத்துவமனைக்கு அனுப்பும் முடிவுவரை வருகிறார். உண்மையில் மாறுகிற ஆள் இவர்தான். இக்னேஷியஸைச் சகிக்க முடியாதவர்கள் ஐரீனைப் பிடித்துக்கொண்டு படித்தால் கடைசிவரை போய்விடலாம். நான் இதைத்தான் முதலில் பரிந்துரைப்பேன்.

வாசகர்களின் எதிர்ப்பில் நியாயமானவையும் உண்டு. ஜோன்ஸ் என்ற கறுப்பினப் பாத்திரத்தின் பேச்சை வெள்ளையர் ஒருவர் உச்சரிப்போடு எழுதியது பலரை உறுத்துகிறது. ஆனால் வேலை இல்லையென்றால் போலீஸ் பிடிக்கும் என்பதற்காகவே குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ‘நைட் ஆஃப் ஜாய்’ கடையில் வேலை செய்யும் அவர்தான் நாவலில் எல்லாவற்றையும் தெளிவாகப் பார்ப்பவர். அந்த மதுக்கடையின் வீழ்ச்சியிலும் அவருக்குப் பங்கு உண்டு. ஒருபாலீர்ப்பாளர்களின் விருந்துக் காட்சிக்கு அப்படி ஆதரவாகப் பேச முடியாது. அது கேலிச்சித்திரமாகவே நின்றுவிடுகிறது, இன்று படிக்கக் கூசுகிறது.

முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். நாவலாசிரியர் ஜான் கென்னடி டூல் இதைப் பதிப்பிக்க முயன்றபோது, 1960களின் நடுவில் பதிப்பாசிரியர் ராபர்ட் காட்லீப் சொன்ன குறையும் கதையே இல்லை என்கிறவர்கள் சொல்வதும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: இது எதைப் பற்றியும் இல்லை என்பது. 1969இல் 31 வயதில் டூல் தற்கொலை செய்துகொண்டார். அவருடைய அம்மா தெல்மா விடாமல் அலைந்து, 1976இல் எழுத்தாளர் வாக்கர் பெர்சியிடம் கைப்பிரதியைச் சேர்த்தார். 1980இல் லூசியானா ஸ்டேட் யூனிவர்சிட்டி பிரஸ் வெளியிட்டது, 1981இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. இதை முதலில் தெரிந்துகொண்டு உள்ளே போகிறவர்கள் இக்னேஷியஸை டூலாகவே நினைத்து, சிரிக்க வேண்டிய இடத்தில் அனுதாபப்பட்டுக்கொண்டிருக்கிறார்கள். டூல் ஒழுங்காக வேலை பார்த்த கல்லூரி ஆசிரியர். இக்னேஷியஸ் அவர் படைத்த ஆள்.

நீங்கள் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. முதல் அத்தியாயத்தை மட்டும் ஒரே அமர்வில் திரும்பப் படித்து, யாருக்கு யாரால் என்ன ஆனது என்று ஒரு தாளில் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். மான்கூசோ, ராபிஷோ, ஐரீன், ஜோன்ஸ், லானா லீ, டார்லீன், லெவி (பேன்ட்ஸ் முதலாளி), மிஸ் டிரிக்ஸி (அங்கே வேலை பார்க்கும் மூதாட்டி), எட்டுப் பெயர் போதும். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். லெவி பேன்ட்ஸ் தொழிலாளர்களை அவன் கிளர்ச்சிக்குத் திரட்டும் காட்சியிலும் முகம் மலரவில்லை என்றால், நேராகக் காக்கட்டூ காட்சிக்குத் தாவுங்கள். அதற்கும் சிரிப்பு வரவில்லையென்றால் தயங்காமல் புத்தகத்தை மூடிவிடலாம்.