நன்றியுரையில் சாட்ஜிபிடிக்கு இடம் உண்டா?

அன்புள்ள ஐயா,

நான் சமூகவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஏரிப் பாசனத்தைக் கிராமங்கள் எப்படி நிர்வகித்தன என்பது தலைப்பு. எம்.ஏ. வரை தமிழ்வழியில் படித்தவள், ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதுகிறேன். என் ஆங்கிலத்தைத் திருத்த சாட்ஜிபிடியைப் பயன்படுத்தினேன். விவசாயிகளிடம் எடுத்த நேர்காணல்களில் ஒரு பகுதியை அதில் போட்டுத்தான் ஆங்கிலமாக்கினேன். முந்தைய ஆய்வுகள் பற்றிய அத்தியாயத்துக்கும் அது தந்த சுருக்கங்கள் உதவின. இதையெல்லாம் எங்கே, எப்படிச் சொல்வது? நெறியாளரிடம் கேட்டால், "எதுக்கும்மா வம்பு, எழுதாம விடு, ஏஐ சதவீதம் மட்டும் வராமப் பாத்துக்கோ" என்கிறார். தோழி ஒருத்தி துணைநூற்பட்டியலில் ஒரு நூலைப்போல அதையும் சேர்த்துவிட்டாள். நன்றியுரையில் ஒரு வரி போட்டால் போதும் என்கிறார் இன்னொருவர். வெளிப்படையாகச் சொன்னால், "அப்போ இதை நீ எழுதவே இல்லையா" என்று புறத்தேர்வாளர் கேட்டுவிடுவாரோ என்று பயமாகவும் இருக்கிறது.

ச.

*

அன்புள்ள ச.,

உங்கள் நெறியாளரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம்மூரில் ஆய்வேட்டின் நேர்மை என்றாலே ஒரு சதவீதக் கணக்கு என்று ஆகிவிட்டது. பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசி 2018-இல் கொண்டுவந்த கருத்துத்திருட்டுத் தடுப்பு விதிகளின்படி, பிறர் எழுத்தோடு ஒத்துப்போவது 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை, 10-க்கு மேல் 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும், 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. சாட்ஜிபிடி வெளியானது 2022 நவம்பர் 30-ஆம் தேதி, ஆகவே அந்த விதிகள் எழுதப்பட்டபோது இப்படி ஒன்று யார் மனதிலும் இருந்திருக்க முடியாது. ஆனால் எண்ணைக் குறைத்துக் காட்டினால் வேலை முடிந்தது என்ற பழக்கம் ஊறிப்போய்விட்டதால், "ஏஐ சதவீதம்" என்று இன்னொரு எண் வந்ததும் அதையும் அதே தட்டில் வைத்துவிட்டார்கள்.

இரண்டும் ஒன்றில்லை. ஒப்புமை அறிக்கை, உங்களுடைய இந்த வரி இன்ன கட்டுரையில் இருக்கிறது என்று இடத்தோடு காட்டும், நாம் திறந்து பார்த்து ஆமாம், இல்லை என்று சொல்லலாம். ஏஐ எழுதியதா என்று சொல்லும் மென்பொருள் தருவது ஊகம். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் அப்படி ஒரு கருவியை வெளியிட்டு, அதன் துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் திரும்ப எடுத்துக்கொண்டது. அதே ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள், சராசரியாக 61 சதவீதக் கட்டுரைகளை அவை ஏஐ எழுதியது என்று தவறாகச் சொல்லின. பழகிய சொற்களை எதிர்பார்க்கக்கூடிய வரிசையில் எழுதினால் அந்தக் கருவிகளுக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் கவனமாக, எளிமையாக எழுதுகிற உங்களைப் போன்றவர்கள்தான் இதில் முதலில் மாட்டுவார்கள், யாருடைய உதவியும் இல்லாமல் எழுதினாலும் மாட்டுவார்கள். அதனால் அந்த எண்ணைத் துரத்தாதீர்கள். அதைக் குறைத்துத் தருகிறோம் என்று சொல்லும் கடைகளின் பக்கமும் போகாதீர்கள், அங்கே போனால்தான் நீங்கள் உண்மையிலேயே மறைக்க ஆரம்பிக்கிறீர்கள்.

சரி, எங்கே சொல்வது? மூன்று வேலைகளை ஒரே மூச்சில் எழுதியிருக்கிறீர்கள். அவை மூன்றுக்கும் ஒரே பதில் கிடையாது.

ஆங்கிலத் திருத்தம்தான் இருப்பதிலேயே சின்ன விஷயம், ஆனால் உங்கள் பயமெல்லாம் அதைச் சுற்றித்தான் இருக்கிறது. மொழியை மட்டும் செம்மைப்படுத்தினால் அறிவிக்கவே தேவையில்லை என்கிறது ஸ்பிரிங்கர் நேச்சர் பதிப்பகம். கணினி மொழியியலாளர்களின் ஏசிஎல் மாநாடும் 2023-இல் ஏறக்குறைய அதையே சொன்னது. மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு கொஞ்சம் கண்டிப்பு, ஏஐ உதவியோடு எழுதினால் கட்டுரையை அனுப்பும்போதே தெரிவித்துவிடச் சொல்கிறது. நீங்கள் ஒரே ஒரு வாக்கியம் எழுதிவிட்டுப் போங்கள். பல்கலைக்கழக வாசல்களுக்கு எதிரே ஆங்கிலம் திருத்துவதில் ஆரம்பித்து முழு அத்தியாயமே எழுதித் தருவது வரை செய்யும் கடைகள் எத்தனையோ காலமாக இருக்கின்றன. நம் ஆய்வேடுகளின் நன்றியுரையில் இறைவன், நெறியாளர், துறைத்தலைவர், பெற்றோர், தட்டச்சு செய்து கொடுத்த தம்பி எல்லாரும் இருப்பார்கள், அந்தக் கடைக்காரர் மட்டும் இருக்க மாட்டார். அதையெல்லாம் கேள்வி கேட்காத ஒரு அமைப்பு உங்கள் இலக்கணத் திருத்தத்துக்குப் பதறினால் அது உங்கள் குற்றம் இல்லை.

அடுத்தது சுருக்கங்கள். இங்கே சொல்வதா மறைப்பதா என்ற கேள்விக்கு முன்னால், அந்தக் கட்டுரைகளை நீங்கள் படித்தீர்களா என்ற கேள்வி இருக்கிறது. நியூயார்க்கில் ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி சொன்ன முன்தீர்ப்புகளை அப்படியே மனுவில் எழுதினார்கள். அந்தத் தீர்ப்புகள் எங்குமே இல்லை. "இது உண்மையான வழக்குதானா" என்று அதனிடமே கேட்டிருக்கிறார்கள், அதுவும் ஆமாம் என்றிருக்கிறது! 2023 ஜூனில் நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் போட்டது. ஆகவே அந்த அத்தியாயத்தில் உள்ள ஒவ்வொரு கட்டுரையையும் தேடி எடுங்கள். கிடைத்ததைப் படியுங்கள், படித்துவிட்டால் அதையே மேற்கோள் காட்டலாம். கிடைக்காததைத் தூக்கி எறியுங்கள். படிக்காமல் காட்டிய மேற்கோளை எந்த அறிவிப்பும் காப்பாற்றாது.

உங்கள் தோழி துணைநூற்பட்டியலில் சேர்த்தது எனக்குச் சரியாகப் படவில்லை. பட்டியலைப் பார்த்து இன்னொருவர் அதே நூலை, அதே பக்கத்தைப் புரட்டிப் பார்க்க முடிய வேண்டும். சாட்ஜிபிடி உங்களுக்குச் சொன்னதை நான் கேட்டால் வேறுமாதிரி சொல்லும். இதனால்தான் ஆய்வு மேற்கோள் முறைகளில் ஒன்றான சிகாகோ நடை அடிக்குறிப்போடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறது. எம்எல்ஏ என்ற இன்னொரு நடை, ஆசிரியர் இடத்தில் ஏஐயைப் போடாமல் நீங்கள் கேட்ட கேள்வியைத் தலைப்பாக வைக்கச் சொல்கிறது. ஏபிஏ நடை, ஓப்பன்ஏஐ நிறுவனத்தை ஆசிரியர் இடத்தில் வைத்து ஆண்டும் பதிப்பும் கேட்கிறது. இவையெல்லாம் அது சொன்ன வாசகத்தையோ கருத்தையோ நீங்கள் எடுத்தாண்டால்தான் வேண்டும். சோழர் காலத்தில் ஏரியைக் கவனிக்க ஏரி வாரியம் என்ற குழு இருந்தது என்பதற்கு உத்திரமேரூர்க் கல்வெட்டின் பதிப்பைக் காட்ட வேண்டும். சாட்ஜிபிடி சொன்னது என்று காட்டினால் சிரிப்பார்கள்.

இப்போது நேர்காணல்கள். நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனீர்கள், எனக்கு உண்மையில் கவலை தருவது இதுதான். அந்த விவசாயிகளின் பேச்சுதான் உங்கள் ஆய்வின் மூலம். ஒரு பெரியவர் மடை திறக்கும் முறை பற்றி, "அப்படித்தான் நடக்கும்னு சொல்லுவாங்க, எனக்குச் சரியாத் தெரியலை, எங்கப்பா காலத்துல வேற மாதிரி..." என்று இழுத்து, பாதியில் வேறு எதையோ பேசப் போயிருப்பார். எந்திரம் அதைத் துடைத்துச் சுத்தம் செய்து, தெளிவான ஓர் ஆங்கில வாக்கியமாகக் கொடுத்துவிடும். அவருடைய சந்தேகம் காணாமல் போயிருக்கும், கேள்விப்பட்டதைச் சொன்னவர் நேரில் பார்த்த சாட்சியாகிவிடுவார். நீங்கள் அதை வைத்து முடிவு எழுதினால் அந்த முடிவு யாருடையது? எந்த நேர்காணல்கள் எந்திரத்தின் வழி வந்தன, எதை நீங்களே மொழிபெயர்த்தீர்கள், ஒலிப்பதிவோடு ஒப்பிட்டுத் திருத்தினீர்களா என்பது, ஆய்வை எப்படிச் செய்தீர்கள் என்று சொல்லும் ஆய்வு நெறிமுறை அத்தியாயத்தில் இருந்தே ஆக வேண்டும். மேற்கோளாக எடுத்த பகுதிகளையாவது ஒலிப்பதிவைக் கேட்டு நீங்களே மறுபடி மொழிபெயர்த்து, பின்னிணைப்பில் தமிழ் மூலத்தையும் கொடுங்கள். அப்புறம் இன்னொன்று. அந்த மனிதர்கள் உங்களிடம்தான் பேசினார்கள், ஒரு நிறுவனத்தின் சர்வரிடம் பேசவில்லை. பெயர், ஊர், தண்ணீர்த் தகராறு எல்லாவற்றோடும் உள்ளே போட்டிருந்தால் அந்த உரையாடலை அங்கிருந்து நீக்குங்கள். நீக்குவதற்கு முன்னால் என்ன கேட்டீர்கள், என்ன வந்தது என்பதை உங்கள் கணினியில் சேமித்துக்கொள்ளுங்கள், தேர்வாளர் கேட்டால் காட்ட வேண்டியிருக்கும்.

சொல்லிவிட்டால் பொறுப்பு தீர்ந்தது என்றும் நினைத்துவிடாதீர்கள். 2024 பிப்ரவரியில் ஃபிரான்டியர்ஸ் பதிப்பகத்தின் உயிரணு உயிரியல் இதழில் ஒரு கட்டுரை வந்தது, அதில் ஓர் எலியின் படம், உலகத்தில் எந்த எலிக்கும் இல்லாத அளவில் பிறப்புறுப்பு, பக்கத்தில் எந்த மொழியிலும் இல்லாத சொற்கள். படம் வரையும் ஏஐ கருவியான மிட்ஜர்னியில் உருவாக்கிய படம் என்று ஆசிரியர்கள் கட்டுரையிலேயே நேர்மையாக எழுதியிருந்தார்கள். ஊரே சிரித்து, சில நாட்களில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அடுத்த மாதம் எல்செவியர் இதழ் ஒன்றில் வந்த கட்டுரையின் முன்னுரை, "நிச்சயமாக, உங்கள் தலைப்புக்கு எழுதக்கூடிய ஒரு முன்னுரை இதோ" என்று தொடங்கியது பேசுபொருளானது, அதில் அறிவிப்பு எதுவும் இல்லை. அதுவும் பிறகு திரும்பப் பெறப்பட்டது. ஒருவர் சொன்னார், இன்னொருவர் சொல்லவில்லை. இரண்டிலும் ஆசிரியர்கள் தங்கள் கட்டுரையைத் தாங்களே ஒருமுறை ஒழுங்காகப் பார்க்கவில்லை. பொறுப்பேற்க முடியாத ஒன்றை ஆசிரியராகப் போடக்கூடாது என்று நேச்சர் இதழ் 2023 ஜனவரியிலேயே சொன்னதற்கும் காரணம் இதுதான். பயன்படுத்தியதை நெறிமுறைப் பகுதியிலோ நன்றியுரையிலோ எழுது, அவை இல்லையென்றால் முன்னுரை போன்ற பொருத்தமான வேறு பகுதியில் எழுது என்றும் அது சொன்னது. உங்களுக்கு நெறிமுறை அத்தியாயம் இருக்கிறது. நன்றியுரையை அம்மா அப்பாவுக்கே விட்டுவிடுங்கள்.

எழுதும்போது நீட்டி முழக்க வேண்டாம். எந்தக் கருவி, எந்தப் பதிப்பு, எந்த மாதங்களில், எந்த அத்தியாயத்தில், எதற்காக, வந்ததை எப்படிச் சரிபார்த்தீர்கள், அவ்வளவுதான், ஒரு பத்தி. மொத்தமாக "ஏஐ உதவி பெறப்பட்டது" என்று ஒரே வரியில் முடித்தால்தான் புறத்தேர்வாளருக்கு எல்லாவற்றின் மேலும் சந்தேகம் வரும். இன்னின்ன நேர்காணல்கள் என்று எண் போட்டு எழுதினால், மற்றதெல்லாம் உங்களுடையது என்று அவருக்கே தெரிந்துவிடும். வாய்மொழித் தேர்வான வைவாவில் கேட்டால் ஒலிப்பதிவு இருக்கிறது, நீங்கள் பேசலாம்.

நெறியாளரிடம் இந்தக் கடிதத்தைக் காட்ட வேண்டாம், வருத்தப்படுவார். பத்தியை எழுதி அச்செடுத்துக் காட்டுங்கள். உங்கள் பல்கலைக்கழகம் ஏஐ பற்றி ஏதாவது சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறதா என்று ஆய்வுப் பிரிவில் கேட்டு அதையும் எடுத்துப் போங்கள். ஆங்கிலத் திருத்தம் பற்றிய வாக்கியத்தை அவர் எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள், அதற்காகச் சண்டை வேண்டாம். நேர்காணல் மொழிபெயர்ப்பு பற்றியதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். தரவு எப்படி மொழிபெயர்க்கப்பட்டது என்று ஆய்வேட்டில் எழுதக்கூடாது என்று எந்த நெறியாளராலும் சொல்ல முடியாது.

அன்புடன்