கரி மூட்டத்தில் உழைத்த அம்மாவுக்கு அந்த ஊசி வேண்டுமா?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. இருபது வருடத்துக்கு மேல் கரி மூட்டத்தில் வேலை, பீடியைத் தொட்டதே இல்லை. ஊதிப் பார்க்கும் டெஸ்ட் எடுத்துவிட்டு சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் சுருங்கித் திணறவைக்கும் நாள்பட்ட நுரையீரல் நோய் என்கிறார்கள். இதற்குப் புது ஊசி வந்திருப்பதாக சவூதியிலிருந்து தம்பி செய்தி அனுப்பியிருக்கிறான். நகையை அடகு வைத்தாவது போட்டுவிடலாமா?
– வாசகி, சாயல்குடி

பதில்: நகை பீரோவிலேயே இருக்கட்டும். தம்பி சொல்வது டுபிலுமாப் ஆக இருக்கலாம். 2024-ல் அமெரிக்காவில் சிஓபிடிக்கு அனுமதி கிடைத்தது. நல்ல மருந்துதான், ஆனால் நோயை அடியோடு தீர்ப்பதில்லை. மூன்று மருந்து சேர்ந்த இன்ஹேலரை ஒழுங்காக எடுத்தும் அடிக்கடி திணறல் முற்றி ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர்களுக்கு, அதுவும் ரத்தத்தில் ஈஸ்னோபில் என்ற ஒரு வகை வெள்ளை அணு 300-க்குக் குறையாமல் இருந்தால், இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று கூடவே போடுவது. 939 பேரிடம் நடந்த முதல் பெரிய ஆய்வில் அப்படித் திணறல் முற்றுவது சுமார் 30 சதவீதம் குறைந்தது.

ஒரு விஷயம் கவனியுங்கள். அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் எல்லோரும் சிகரெட் பிடித்தவர்கள், அல்லது பிடித்து விட்டவர்கள். கருவேலங்கட்டையை அடுக்கி, மண் பூசி, புகை கசிகிற ஓட்டையை எல்லாம் குனிந்து குனிந்து ஈரமண் வைத்து அடைத்த உங்கள் அம்மா மாதிரி ஆட்கள் அதில் இல்லை. புகையிலை தொடாமலே விறகுப் புகையால் வரும் சிஓபிடியை, உலகம் முழுக்க மருத்துவர்கள் பார்க்கும் கோல்ட் வழிகாட்டி 2023-ல்தான் தனி வகையாகப் பிரித்தது. நம்மூர்ப் பெண்களுக்கு இது எப்போதோ தெரியும், பெயர்தான் தெரியாது.

ஈஸ்னோபில் பார்ப்பது சாதாரண ரத்தப் பரிசோதனைதான், பார்த்துவிடுங்கள். ஆனால் எண்ணிக்கை ஏறியிருந்தாலே ஊசி என்று அர்த்தமில்லை, வயிற்றில் புழு இருந்தாலும் ஏறும். சளிப் பரிசோதனை செய்து காசநோய் இல்லை என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். அப்புறம், அம்மா இன்னும் மூட்டத்துக்குப் போகிறாரா, வீட்டில் விறகடுப்பா? அதை நிறுத்தாமல் எந்த ஊசியைப் போட்டும் பிரயோஜனமில்லை. காஸ் அடுப்புக்கு மாற்றுங்கள், கரி அள்ளி மூட்டை கட்டும் வேலையும் வேண்டாம்.

கேள்வி: இன்ஹேலர் பழகிவிடும் என்று அப்பா திணறும்போது மட்டும் அடிக்கிறார். சரியா?
– வாசகர், மண்டபம்

பதில்: சரியில்லை. அது சாராயமா, பழகிப்போக? தினமும் எடுக்கச் சொல்லிக் கொடுத்த பம்பைத் தினமும் எடுத்தால்தான் வேலை செய்யும். எடுக்கிற விதத்தையும் ஒருமுறை பக்கத்தில் நின்று பாருங்கள். நன்றாகக் குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, மெதுவாக உள்ளே இழுக்க ஆரம்பிக்கும்போது அழுத்தி, பத்து எண்ணும் வரை அடக்க வேண்டும். பலர் அழுத்திவிட்டு அப்புறம் இழுப்பார்கள், மருந்தெல்லாம் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். கை வாகு வரவில்லை என்றால் ஸ்பேசர் கேளுங்கள், பம்பில் மாட்டி அதன் வழியாக மருந்தை இழுக்கும் குழாய் அது. ஸ்டீராய்டு சேர்ந்த பம்பு என்றால் முடிந்ததும் வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள், விழுங்க வேண்டாம்.