கணினி கேள்வி – பதில்: இரவில் தானாக ஓடும் ஸ்கிரிப்ட்டுக்கு எந்தச் சாவி?

எங்கள் விடுதியின் முன்பதிவுத் தரவுத்தளம் வெளிநாட்டில் உள்ள வாடகைச் சேர்வரில் இருக்கிறது. இங்குள்ள கணினியிலிருந்து ஒரு ஸ்கிரிப்ட் தினமும் இரவு 2 மணிக்கு எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் முறை) வழியாக நுழைந்து பேக்கப் எடுக்கிறது. 'எஸ்எஸ்எச்பாஸ்' (கடவுச்சொல்லைத் தானாகக் கொடுக்கும் நிரல்) போட்டு, ரூட் (எல்லா அதிகாரமும் உள்ள பயனர்) கடவுச்சொல்லை ஸ்கிரிப்ட்டிலேயே எழுதிவிட்டேன். வேலை நடக்கிறது, ஆபத்து ஏதும் உண்டா?
– வாசகர், உப்புவெளி

உண்டு. கட்டளை வரியில் கொடுத்த கடவுச்சொல், அதே கணினியில் 'பிஎஸ்' (ஓடும் நிரல்களைக் காட்டும் கட்டளை) அடிப்பவரின் கண்ணில் படலாம். அந்த ஸ்கிரிப்ட்டைப் பென்டிரைவிலோ மின்னஞ்சலிலோ அனுப்பினால் கடவுச்சொல்லும் கூடவே போகும். அதுவும் ரூட் என்றால், கிடைத்தவருக்குச் சேர்வர் முழுவதும் சொந்தம்.

கடவுச்சொல்லை விட்டுவிட்டுச் சாவிக்கு மாறுங்கள். சாவி என்பது ஒரு சோடிக் கோப்பு: தனிச் சாவி உங்கள் கணினியில், பொதுச் சாவி சேர்வரில். ஸ்கிரிப்ட் ஓடும் கணினியில் 'எஸ்எஸ்எச்-கீஜென்' மூலம் 'இடி25519' வகைச் சாவி ஒன்றைப் புதிதாக உருவாக்குங்கள். நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் சாவி இதற்கு வேண்டாம். இரவு 2 மணிக்குப் பாஸ்பிரேஸ் (சாவியைத் திறக்கும் கடவுச்சொல்) அடிக்க ஆள் இல்லாததால் அதை வெறுமையாக விட வேண்டிவரும். இங்கேதான் பலர் தயங்குகிறார்கள். தயக்கம் நியாயமானதே, ஆனால் அந்தச் சாவியால் ஒரேயொரு வேலைதான் செய்ய முடியும் என்று கட்டிவைத்தால் திருட்டுப் போனாலும் சேதம் சிறியது.

கட்டுவது இப்படி. சேர்வரில் 'பேக்கப்' வேலைக்கென ரூட் அல்லாத தனிப் பயனரை உருவாக்குங்கள். அவருடைய 'ஓதரைஸ்ட் கீஸ்' (அனுமதித்த சாவிகளின் பட்டியல்) கோப்பில் பொதுச் சாவியை ஒட்டும்போது, அதே வரியின் தொடக்கத்தில் 'ரெஸ்ட்ரிக்ட்', காற்புள்ளி, 'கமாண்ட்' சமன் என்று எழுதி, இரட்டை மேற்கோளுக்குள் டம்ப் (தரவுத்தளத்தை நகலெடுக்கும்) ஸ்கிரிப்ட்டின் முழுப் பாதையைக் கொடுங்கள். பிறகு ஓர் இடைவெளி, அதன் பின் சாவி. இனி அந்தச் சாவியோடு வருபவர் எந்தக் கட்டளையை அனுப்பினாலும் ஓடுவது உங்கள் டம்ப் மட்டுமே. 'ரெஸ்ட்ரிக்ட்' என்ற ஒரு சொல் போர்ட் ஃபார்வர்டிங் (சேர்வர் வழியே வேறு இணைப்புகளைக் கடத்துவது), டெர்மினல் எல்லாவற்றையும் அடைத்துவிடும். 2016இல் வந்த ஓபன்எஸ்எஸ்எச் 7.2 முதல் இது உண்டு. டம்ப் ஸ்கிரிப்ட்டின் உரிமையாளர் ரூட்டாக இருக்கட்டும். பேக்கப் பயனருக்கு அதைத் திருத்தும் அனுமதி வேண்டாம். அதே வரியில் 'ஃப்ரம்' என்று, இணைய வரும் கணினியின் ஐபி முகவரியையும் பூட்டலாம், ஆனால் நிலையான ஐபி இருந்தால் மட்டும். சாதாரண வீட்டு இணைப்பில் அது மாறிவிடும், நீங்களே வெளியே நிற்பீர்கள்.

சாவி சரியாக இருந்தும் கடவுச்சொல் கேட்கிறதா? அனுமதிகளைப் பாருங்கள்: சேர்வரில் அந்தப் பயனரின் எஸ்எஸ்எச் அடைவு 700, 'ஓதரைஸ்ட் கீஸ்' கோப்பு 600, அதாவது உரிமையாளருக்கு மட்டும். பயனரின் ஹோம் அடைவில் குழுவுக்கு எழுதும் அனுமதி இருந்தாலும் சேர்வர் சாவியை ஏற்காது. காரணத்தை உங்களிடம் சொல்லாது, தன் லாக்கில் 'பேட் ஓனர்ஷிப் ஆர் மோட்ஸ்' என்று எழுதிவைக்கும்.

எல்லாம் ஓடிய பிறகு கடவுச்சொல் நுழைவை நிறுத்துங்கள். முதலில் சூடோ (ரூட் அதிகாரத்தில் கட்டளை ஓட்டும்) அனுமதியுள்ள உங்கள் சொந்தப் பயனருக்கும் சாவி போட்டிருக்க வேண்டும். திறந்திருக்கும் ஜன்னலை மூடாமல், இன்னொன்றில் நுழைந்து பாருங்கள். உபுண்டு வாடகைச் சேர்வர்களில் ஒரு பொறி உண்டு: எஸ்எஸ்எச் அமைப்புகளுக்கான 'எஸ்எஸ்எச்டி கான்ஃபிக் டி' அடைவிலுள்ள '50-கிளவுட்-இனிட்' கோப்பு கடவுச்சொல்லுக்கு 'யெஸ்' என்று வைத்திருக்கலாம். முதலில் வாசிக்கப்படும் மதிப்பே செல்லும் என்பதால் பிரதான கோப்பில் நீங்கள் போட்ட 'நோ' வீணாகும். ரூட்டாக 'எஸ்எஸ்எச்டி', அதோடு மைனஸ் பெரிய டி அடித்தால் உண்மை நிலை தெரியும்.

என் எஸ்எஸ்எச் ஸ்கிரிப்ட்டைக் கையால் ஓட்டினால் சரியாக வருகிறது. கிரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் நிரல்) போட்டால் 'ஹோஸ்ட் கீ வெரிஃபிகேஷன் ஃபெயில்ட்'. 'ஸ்ட்ரிக்ட் ஹோஸ்ட் கீ செக்கிங்' (சேர்வரின் அடையாளச் சாவியைச் சரிபார்த்தல்) என்பதை 'நோ' ஆக்கச் சொல்கிறார் நண்பர். செய்யலாமா ஐயா?
– மாணவர், கிண்ணியா

வேண்டாம். உங்கள் கிரான் வேலை பெரும்பாலும் ரூட் பெயரில் ஓடுகிறது. அந்தப் பயனரின் 'நோன் ஹோஸ்ட்ஸ்' (தெரிந்த சேர்வர்களின் பட்டியல்) கோப்பில் சேர்வரின் அடையாளம் இல்லை. 'யெஸ்' அடிக்க டெர்மினலும் இல்லை. நண்பர் சொன்னபடி செய்தால், இடையில் புகுந்தவர் சேர்வர்போல நடித்து, நீங்கள் அனுப்பும் கோப்புகளை வாங்கிக்கொள்ளலாம், போலி விடையும் தரலாம்.

வாடகை நிறுவனத்தின் இணையக் கன்சோலில் சேர்வருக்குள் போய், அதன் இடி25519 பொது ஹோஸ்ட் கீ கோப்பை 'எஸ்எஸ்எச்-கீஜென் மைனஸ் எல்எஃப்' கொண்டு பார்த்து, வரும் ஷா256 கைரேகையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கிரான் ஓடும் அதே பயனராக ஒருமுறை கையால் இணைந்து, திரையில் வருவதோடு ஒப்பிட்டு 'யெஸ்' கொடுங்கள். 'எஸ்எஸ்எச்-கீஸ்கேன்' சாவியை எடுத்துத் தருமே தவிர, அது உண்மையானதா என்று பார்க்காது.

ஐந்து சேர்வர்களின் பெயர்களை ஒரு கோப்பில் வைத்து அவற்றை வரி வரியாக வாசிக்கும் 'வைல் ரீட்' லூப்பில் எஸ்எஸ்எச் ஓட்டினேன். முதலாவதோடு நின்றுவிடுகிறது, பிழைச் செய்தியும் இல்லை.
– வாசகர், மூதூர்

மீதி நான்கு பெயர்களையும் எஸ்எஸ்எச் விழுங்கிவிட்டது. லூப் வாசிக்கும் அதே உள்ளீட்டை அதுவும் வாசிக்கும். எஸ்எஸ்எச் கட்டளையில் 'மைனஸ் என்' சேர்த்தால் தீரும்.

கூடவே 'பேட்ச்மோட்' யெஸ், 'கனெக்ட் டைம்அவுட்' 10 போடுங்கள்; கடவுச்சொல் கேட்டு ஸ்கிரிப்ட் காத்துக் கிடக்காது. மாரியில் லைன் அறுந்தால் தொங்காமலிருக்க 'சேர்வர் அலைவ் இன்டர்வல்' 15 கொடுங்கள். மூன்று முறை பதில் இல்லையென்றால், அதாவது ஏறத்தாழ 45 விநாடியில், தானே விலகும். வெளியேறும் எண் 255 வந்தால் பெரும்பாலும் இணைப்பில்தான் பிழை. வேறு எண் என்றால் அங்கே ஓடிய கட்டளை கொடுத்தது.

எஸ்எஸ்எச்சுக்குக் கொடுக்கும் கட்டளையில், இரட்டை மேற்கோளுக்குள் டாலர் குறியோடு வரும் மாறிகள் உங்கள் கணினியிலேயே விரிந்துவிடும். ஒற்றை மேற்கோளில்தான் சேர்வரில் விரியும். அழிக்கும் கட்டளை எதிலாவது அடைவின் பெயரை மாறியில் வைத்திருந்தால், அது வெறுமையாக விரிந்தால் என்ன அழியும் என்று பார்த்துவிட்டு, முதலில் 'எக்கோ' (கட்டளையைச் செய்யாமல் திரையில் காட்டுவது) போட்டு ஓட்டுங்கள்.