ஆர்ஜிபி பட்டியை நம்பி நூல் வாங்காதீர்கள்

கேள்வி: எங்களுக்குச் சாறன், சேலை நெய்கிற கைத்தறி இருக்கிறது. கடைக்குள் ஒரே நிறமாகத் தெரிகிற இரண்டு மெரூன் நூல், வெளியே வெய்யிலுக்குக் கொண்டுபோனால் வேறு வேறாகத் தெரிகிறது. பகல் வெளிச்சத்தையும் கல்யாண மண்டபத்து மஞ்சள் வெளிச்சத்தையும் மாற்றி மாற்றிப் பார்க்க ஒரு விளக்குப் பெட்டி செய்ய யோசிக்கிறேன். ரிமோட்டோடு வருகிற ஆர்ஜிபி எல்ஈடி பட்டி போதுமா?
– வாசகர், மருதமுனை

பதில்: போதாது. அந்தப் பட்டியில் இருப்பது மூன்றே மூன்று வெளிச்சம்: அலைநீளத்தில் சொன்னால் 460 நனோமீற்றர் பக்கம் நீலம், 525 பக்கம் பச்சை, 625 பக்கம் சிவப்பு. மூன்றையும் சேர்த்து எரித்தால் சுவர் வெள்ளையாகத்தான் தெரியும், ஆனால் துணி தன்மேல் விழுகிற வெளிச்சத்தை மட்டும்தானே திருப்பித் தரும், பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவில் 570, 590 பக்கம் அநேகமாக ஒன்றுமே விழாததால் மஞ்சளும் காவியும் கெட்டு, சிவப்பு அளவுக்கு மீறித் தூக்கலாகிவிடும். உங்கள் இரண்டு மெரூனிலும் சாயக் கலவை வேறு. அந்த வித்தியாசத்தைக் காட்ட வேண்டிய வெளிச்சமே விளக்கில் இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

அதனால் முதலில் நல்ல வெள்ளை வாங்குங்கள். மண்டபத்து மஞ்சள் வெளிச்சத்துக்கு 2700 கெல்வினில் ஒன்று, பகல் வெளிச்சத்துக்கு 6500 கெல்வினில் ஒன்று, இரண்டுக்கும் சீஆர்ஐ, அதாவது நிறங்களை உள்ளபடி காட்டும் திறனுக்கான எண், 95க்குக் குறையக் கூடாது. அதோடு கடுஞ்சிவப்பை எவ்வளவு சரியாகக் காட்டும் என்று சொல்கிற ஆர்9 எவ்வளவு என்று கட்டாயம் கேளுங்கள், ஏனென்றால் சீஆர்ஐ என்பது வெளிர் நிறங்கள் எட்டின் சராசரி, கடுஞ்சிவப்பு அந்தக் கணக்கிலேயே வராது, மெரூன் விற்கிற உங்களுக்கு அதுதான் முக்கியம். ஆர்9 90க்கு மேல் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

இந்த இரண்டு வெள்ளையையும் கலந்து 4000 கெல்வின் பக்கம் கொண்டுவந்தால் வெளிச்சம் லேசாக ரோஸ் அடிக்கும், கொஞ்சம் பச்சை சேர்த்தால் சரியாகிவிடும். அப்புறம் வெள்ளை எல்ஈடியில் 480 பக்கம் ஒரு பள்ளம் இருக்கும், அதை நிரப்ப 490க்கும் 500க்கும் இடைப்பட்ட சயன் (நீலப்பச்சை), கடுஞ்சிவப்புக்கு 660. இவ்வளவும் போதும். வெள்ளைச் சாறன் வெய்யிலில் பளிச்சென்று தெரிவது துணியில் ஏற்றிய பிரகாசமூட்டி புற ஊதாக் கதிரை வாங்கி நீலமாகத் திருப்பித் தருவதால். அதையும் பார்க்க வேண்டுமானால் 365 நனோமீற்றரில் சின்னதாக ஒன்று வைக்கலாம், கண்ணுக்கு நேரே வராமல் மறைத்து வையுங்கள்.

சிவப்புக்கு 2 வோல்ற் அளவு போதும், வெள்ளைக்கும் சயனுக்கும் 3 பக்கம் வேண்டும். ஆகவே எல்லாவற்றையும் ஒரே வயரில் சமாந்தரமாகக் கட்டாமல், நிறத்துக்கு ஒரு மாறா மின்னோட்ட டிரைவர் (எல்ஈடிக்குப் போகிற மின்னோட்டத்தை ஒரே அளவில் வைத்திருக்கிற கருவி) என்று போடுங்கள்.

கேள்வி: இதேமாதிரிப் பெட்டி ஒன்று என்னிடம் இருக்கிறது. போட்டுக் கொஞ்ச நேரத்தில் மஞ்சள் வெளிச்சம் குளிர்ந்த வெள்ளைப் பக்கம் போகிறது. ஏன்?
– வாசகர், காத்தான்குடி

பதில்: சூடுதான் காரணம். சூடேற ஏற எல்லா எல்ஈடியும் மங்கும், ஆனால் நீலத்தை விட சிவப்பும் அம்பரும் (செம்மஞ்சள்) மிக வேகமாக மங்கும், அதனால்தான் வெளிச்சத்தில் மஞ்சள் குறைகிறது. நம் பக்கத்துச் சித்திரை வெக்கையில் இன்னும் மோசமாக இருக்கும். எல்ஈடிகளைத் தடித்த அலுமினியத் தகட்டில் வெப்பப் பசை தடவிப் பொருத்துங்கள், பெட்டிக்குப் பின்னால் காற்றுப் போக வழி விடுங்கள், விளக்கைப் போட்டு அரை மணித்தியாலம் கழித்தே நிறத்தைச் சரிபார்த்து நூலைப் பாருங்கள்.