இங்கிலாந்தில் பழைய கிராமத்துச் சர்ச் ஒன்றே ஒன்று பார்க்க நேரமிருந்தால் எதற்குப் போகலாம்?

கில்பெக். யோசிக்காமல் சொல்வேன்.

வேல்ஸ் எல்லைப் பக்கம், ஹெரிஃபோர்ட்ஷயரில் இருக்கிற சின்ன ஊர். அங்குள்ள சர்ச் 1140 வாக்கில், பிரான்ஸிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்கள் காலத்தில் கட்டியது. கோபுரம் கிடையாது. மேற்குச் சுவர் உச்சியில் மணி தொங்க ஒரு சிறு மாடம், அவ்வளவுதான். தூரத்தில் பார்த்தபோது, 'இதற்கா இத்தனை தூரம் வந்தோம்' என்றுதான் எனக்கும் தோன்றியது.

போனதும் உள்ளே நுழைந்துவிடாதீர்கள். மழைக்குப் பயந்து நான் அப்படித்தான் ஓடினேன், பாதி நேரம் வீணாகப் போனது. விஷயம் வெளியே இருக்கிறது.

கூரை விளிம்புக்குக் கீழே சுவரைச் சுற்றிலும் சிற்பம் செதுக்கிய தாங்குகற்கள் நீட்டிக்கொண்டிருக்கும். 85 கற்கள் மிஞ்சியிருக்கின்றன. ஒன்றில் ஒரு நாயும் முயலும் பக்கத்தில் பக்கத்தில், பழைய சிநேகிதர்கள் மாதிரி. நாயின் காது தொங்குகிறது, கண் உருண்டையாக முழிக்கிறது. நேற்று வரைந்த கார்ட்டூன் என்றால் நம்பிவிடுவீர்கள். இயேசுவின் சின்னமான, சிலுவை தாங்கிய ஆட்டுக்குட்டி என்று இன்னொன்றைக் காட்டுவார்கள். எனக்குக் குதிரையாகத்தான் தெரிந்தது. அப்புறம், இரண்டு கைகளாலும் தன் பெண்குறியை விரித்துக் காட்டும் ஒருத்தி. இந்த வகைச் சிற்பத்துக்கு ஷீலா ந கிக் என்று பெயர். காமத்துக்கு எதிரான எச்சரிக்கை என்று ஒரு கட்சி, வளமையின் சின்னம் என்று இன்னொரு கட்சி. பிள்ளைகளோடு போனால் பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து தெற்கு வாசல். கதவுக்கு மேலே அரைவட்டக் கல்லில் ஜீவவிருட்சம். தூண் தலைப்பில் ஒரு முகம், அதன் வாயிலிருந்து இலைக்கொடி கிளம்புகிறது. இடப்பக்கத் தூணில் தொளதொள கால்சட்டையும் தொப்பியும் போட்ட இரண்டு வீரர்கள் கொடிகளுக்குள் சிக்கி நிற்கிறார்கள். எல்லாமே அந்த வட்டாரத்துச் செம்மணற்கல். பல ஊர்களில் மணற்கல் சிற்பம் மழையில் மழுங்கி மூக்கு முழி தெரியாமல் போயிருக்கும். இங்கே கிட்டத்தட்ட 900 வருஷ மழைக்குப் பிறகும் கொடியின் நரம்பை எண்ணலாம்.

சரி, உள்ளே? பீடத்துக்குப் போகும் வளைவின் இரு பக்கமும் ஒருவர் தலைமேல் ஒருவராக அடுக்கிய புனிதர்களைப் பாருங்கள். கிழக்குக் கோடியில் சுவர் அரைவட்டமாக முடிகிறது. அதற்கு மேல் உள்ளே வேலையில்லை.

ஹெரிஃபோர்ட் வரை ரயில் இருக்கிறது, அங்கிருந்து டாக்ஸி பிடிக்கலாம். தாங்குகற்கள் உயரத்தில் இருப்பதால் ஒரு பைனாகுலர் கொண்டுபோங்கள். என்னிடம் அன்று அது இல்லை. செல்போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தே கழுத்து வலித்துவிட்டது.