இன்வெர்ட்டர், கார் பேட்டரியில் திரவ மட்டம் இறங்கினால் ஆசிட் ஊற்றலாமா?

வேண்டாம். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரிந்து போவது தண்ணீர்தான். கந்தக அமிலம் உள்ளேயே இருக்கும். மேலே ஆசிட் சேர்த்தால் அமிலம் கூடி உள்ளிருக்கும் ஈயத் தகடுகள் சீக்கிரம் கெடும். டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். கேன் தண்ணீரிலும் உப்பு உண்டு. தகடுகள் மூழ்கியிருந்தால் முழு சார்ஜ் ஆனபிறகே குறி வரை நிரப்புங்கள். முன்பே நிரப்பினால் பொங்கி வழியும். சீல் வைத்த பேட்டரி என்றால் இந்தத் தலைவலியே இல்லை.

மூடி திறந்திருக்கும்போது பக்கத்தில் சிகரெட் ஆகாது. காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே வெடிக்க ஒரு பொறி போதும்.

அப்புறம், பழைய பேட்டரியைக் காயலான் கடையில் போடாதீர்கள், நாலு காசு கூடக் கிடைத்தாலும். கண்ட இடத்தில் உடைத்து உருக்கினால் ஈயப்புகை குழந்தைகளின் மூளையைத்தான் முதலில் தாக்கும். இந்தியாவின் 2022 பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள்படி மறுசுழற்சி தயாரிப்பாளரின் பொறுப்பு. புதியது வாங்கும் கடையில் கொடுங்கள், பெரும்பாலும் விலையில் கழித்துக்கொள்வார்கள்.